தத்துவமும் தஸவ்வுஃபும்: கேள்வி பதில்

கேள்வி: இமாம் கஸ்ஸாலி தத்துவத்தை ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் சூஃபி வழியான தஸவ்வுஃபுக்குப் போனார் என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அடிக்கடி கேட்கிறோம். அது சரிதானா?

பதில்: பாதிகூடச் சரியில்லை. தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' 20 விவகாரங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் உலகம் அநாதி என்பது, இறைவன் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிவதில்லை என்பது, மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பது ஆகிய மூன்றை மட்டுமே அவர் குஃப்ர் (இறைமறுப்பு) என்று தீர்ப்பளித்தார். தர்க்கக் கலையான மன்திக்கையோ அவர் கைவிடவே இல்லை. அதை அறியாதவருடைய கல்வியை நம்புவதற்கில்லை என்று, சட்ட மூலங்களைப் பற்றிய 'முஸ்தஸ்ஃபா'வின் முன்னுரையிலேயே எழுதிவைத்தார். அவருக்குப் பின்னர் ஃபக்ருத்தீன் ராஸியும் நஸீருத்தீன் தூஸியும் தத்துவவாதி இப்னு சீனாவின் 'இஷாராத்' நூலுக்கு விரிவான உரைகள் எழுதினார்கள். செத்துப்போன கலைக்கு யாரும் உரை எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால், தத்துவத்தில் கிடைக்காத எது அவருக்குத் தஸவ்வுஃபில் கிடைத்தது?

பதில்: 'தவ்க்', அதாவது சுவைத்தறிதல். போதை என்பதன் இலக்கணத்தையும் காரணத்தையும் தெளிந்த நிலையில் இருக்கும் மருத்துவர் விளக்கிவிடுவார். போதையில் இருப்பவனுக்கோ அந்த இலக்கணம் ஒன்றும் தெரியாது, ஆனால் போதையில் இருப்பவன் அவன்தான். 'முன்கித்' என்னும் தன்வரலாற்று நூலில் கஸ்ஸாலியே தரும் உவமை இது. சூஃபிகளின் நூல்களைப் படித்துப் பெறக்கூடியதையெல்லாம் தாம் பெற்றுவிட்டதாகவும், எஞ்சியதை வாழ்ந்துதான் பெறவேண்டும் என்றும் உணர்ந்த அவர், பக்தாதின் நிஸாமிய்யா மதரஸாவின் பேராசிரியர் பதவியை விட முடியாமல் ஏறக்குறைய ஆறு மாதம் தவித்தார். கடைசியில் பாடம் நடத்த நாவே எழாமல், உணவும் இறங்காமல் போக, 1095இல் ஊரைவிட்டு வெளியேறினார்.

கேள்வி: இப்னு சீனா சூஃபியா?

பதில்: இல்லை. ஆனால் 'இஷாராத்'தின் ஒன்பதாம் பகுதியில் ஞானிகளின் படித்தரங்களை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரின் கூர்மையோடும் மரியாதையோடும் அவர் விவரிக்கிறார். மேலே சொன்ன மருத்துவர் உவமை அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

கேள்வி: சூஃபி ஞானி இப்னு அரபி, தத்துவவாதி இப்னு ருஷ்தைச் சந்தித்தபோது 'ஆம், இல்லை' என்று மட்டும் சொன்னாராமே, அதன் பொருள் என்ன?

பதில்: சந்திப்பைப் பற்றி நமக்குக் கிடைப்பது 'ஃபுதூஹாத்' என்னும் நூலில் இப்னு அரபி தாமே எழுதியிருப்பதுதான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், இப்னு ருஷ்தின் தரப்பு நம்மிடம் இல்லை. இப்னு அரபி அப்போது மீசை அரும்பாத பிள்ளை. ஸ்பெயினிலுள்ள குர்துபாவின் (கோர்டோபாவின்) காழியான, அதாவது நீதிபதியான இப்னு ருஷ்து தம் நண்பரின் மகனைப் பார்க்க விரும்பவே, ஏதோ ஒரு வேலையைச் சாக்கிட்டு அவரைத் தந்தையார் அனுப்பிவைக்கிறார். பெரியவர் எழுந்து தழுவிக்கொண்டு "ஆம்" என்கிறார். இளைஞரும் "ஆம்" என்கிறார். தாம் சொல்வது இவனுக்குப் புரிந்துவிட்டதே என்று அவர் மகிழ, அந்த மகிழ்ச்சியின் காரணத்தை உணர்ந்த இளைஞர் உடனே "இல்லை" என்கிறார். பெரியவரின் முகம் மாறுகிறது. இறையருளால் திறக்கப்படும் அறிவும் ஆராய்ச்சி தரும் அறிவும் ஒன்றுதானா என்று அவர் கேட்க, "ஆம், இல்லை, அந்த ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில்தான் உயிர்கள் தம் உடலைவிட்டுப் பறக்கின்றன" என்று விடை வருகிறது.

நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம் இது: இருவர் போய்ச்சேரும் ஊர் பெரும்பாலும் ஒன்றே என்பது 'ஆம்'. இறைவன் ஒருவன் என்பதைப் புத்தியும் நிறுவுகிறது. ஆனால் நிறுவப்பட்ட இறைவனும் தன்னைத் தானே வெளிப்படுத்தும் இறைவனும் அறிபவனுக்கு ஒரே மாதிரி ஆவதில்லை, அது 'இல்லை'. இப்னு ருஷ்து 1198இல் மராகிஷில் இறந்தார். பின்னர் உடல் குர்துபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, பொதிமிருகத்தின் ஒரு பக்கம் சவப்பெட்டியும் மறுபக்கம் எடை சரிசெய்ய அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததை இப்னு அரபி நின்று பார்த்தார். இறந்தவருடைய நோக்கங்கள் நிறைவேறினவா என்றுதான் அப்போது கேட்கிறார். அதில் ஏளனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவர் எவரும் இல்லையா?

பதில்: ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி. ஆராய்ச்சியிலும் இறையனுபவத்திலும் ஒருசேர ஆழ்ந்தவரே உயர்ந்த ஞானி என்று 'ஹிக்மத்துல் இஷ்ராக்'கின் முன்னுரையில் வரையறுத்தவர் அவர். ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்களின் குற்றச்சாட்டின் பேரில் 1191 வாக்கில் ஹலபில் (சிரியாவின் அலெப்போவில்) கொல்லப்பட்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. அந்த வழியை ஈரானில் பிற்காலத்தில் முல்லா ஸத்ரா இன்னும் விரித்தார்.

கேள்வி: தக்கலை சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் பாடல்களைக் கேட்கும்போது, உள்ளமை ஒன்றே என்னும் வஹ்தத்துல் வுஜூதும் அத்வைதமும் ஒன்றுதான் என்று தோன்றுகிறதே?

பதில்: தமிழ்ச் சொற்கள் பொதுவானவை என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வஹ்தத்துல் வுஜூதைச் சொல்லும் இப்னு அரபி மரபில் உலகம் வெறும் பொய்த்தோற்றம் அன்று, இறைவனுடைய பெயர்கள் வெளிப்படும் இடம். எந்தப் பொருளைக் காட்டிக் கேட்டாலும் 'அவன், அவனல்ல' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.