பழைய திரியைத் தூண்டிவிடலாமா?

கேள்வி: இணையக் குழுவில் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ தொடங்கிய திரியில் (ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களும்) இன்று போய்ப் பதில் எழுதுவது நாகரிகமா?

எழுதலாம். நானே பலமுறை எழுதியிருக்கிறேன், ஒருமுறை தலைகுனிந்தும் நின்றிருக்கிறேன்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர்க் குழுவில் வேறு எதையோ தேடியபோது, 'ஏ நெகட்டிவ் ரத்தம் அவசரம்' என்ற பதிவு கண்ணில் பட்டது. தேதியைப் பார்க்காமல், 'கிடைத்துவிட்டதா?' என்று ஒரு வரி போட்டேன். அங்கே கடைசியாகக் கருத்து விழுந்த பதிவுதான் மேலே வந்து நிற்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பலர் அதைப் பகிர்ந்தார்கள், அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தார்கள். மாலையில் பதிவிட்டவரே வந்து எழுதினார்: 'என் தங்கைக்காகக் கேட்டது. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. தயவுசெய்து யாரும் அழைக்காதீர்கள்.' என் வரியை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

ரத்தம், காணாமல்போனவர், வேலைக்கு ஆள், வாடகைக்கு வீடு ஆகியவற்றுக்கெல்லாம் ஆயுள் சில நாட்கள்தான். அணைந்த திரியை அங்கே தூண்டக் கூடாது.

தொழில்நுட்பச் சந்தேகங்களின் கதை வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். அதை எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யுனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று 2011இல் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே சொல்லியிருந்த மென்பொருள் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கேட்டவர் தன் கோப்பையே மறந்திருப்பார். ஆனால் வீட்டில் பழைய விழா மலரும் அதைத் தயாரித்த குழுவின் கோப்பும் வைத்திருக்கும் யாரோ ஒருவர் இன்றிரவும் தேடுபொறி வழியாக அந்தப் பக்கத்துக்குத்தான் வருவார். பதில் அவருக்கு. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதற்குப் பதக்கமே வைத்திருக்கிறது: கேள்வி எழுந்து 60 நாட்களுக்குப் பின் எழுதிய பதில் 5 மதிப்பெண் பெற்றால், 'மாண்டவரை எழுப்புபவர்' என்று பொருள்படும் பட்டம். ரெடிட் என்ற விவாதத் தளத்திலோ முன்பு ஆறு மாதம் ஆனால் திரி தானாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல்தான் அந்த முடிவை அந்தந்தக் குழுவிடமே விட்டார்கள்.

எழுதும்போது, 'பழைய திரி என்று தெரிந்தே எழுதுகிறேன்' என்று ஒரு வரி போதும். அரைப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். எந்த ஆண்டு, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துவிடுங்கள். உங்கள் பதிலும் ஒருநாள் பழையதாகும். முந்தைய பதில் தவறாகிப்போயிருந்தால், எழுதியவரைக் குத்தாமல் இன்றைய நிலவரத்தை மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

'எனக்கும் இதே பிரச்சினை' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் சிக்கலைப் புதுக் கேள்வியாகக் கேட்டு, பழையதற்குச் சுட்டி கொடுங்கள். பழைய சண்டை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒருவர் 2016இல் தோற்ற விவாதத்துக்கு மூன்று ஆண்டு கழித்துச் சான்றுகளோடு வந்தார். எதிராளி கணக்கையே மூடிவிட்டுப் போயிருந்தார்!

அந்தப் பாமினி கேள்விக்கு நான் பதில் எழுதியது 2019இல். கேட்டவர் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. சென்ற மாதம் கோயில் மலர் தயாரிக்கும் ஒரு பெரியவர் நன்றி சொல்லி எழுதியிருந்தார். கூடவே இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.