தாலுகா அலுவலகத்தில் சைகை மொழி

கேள்வி: என் தம்பிக்குக் காது கேட்காது, சைகை மொழிதான் பேசுவான். பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் போனால், "எழுதிக் காட்டு" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சைகை மொழியையும் தகவல்தொடர்பு முறையாக ஏற்கிறது. சைகை மொழிக்கு இலக்கணமே வேறு. எழுதச் சொல்வது பலருக்கு வேற்று மொழியில் பேசச் சொல்வதுதான்.

மனு வட்டாட்சியருக்கு, நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. போகும் நாள், நேரம், வேலை மூன்றையும் குறிப்பிட்டு, அடையாள அட்டை நகலை இணையுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

"நீங்களே சொல்லுங்களேன்" என்பார்கள். கையெழுத்துப் போடும் காரியத்தில் ஒப்பாதீர்கள். வீட்டார் சுருக்கித்தான் சொல்வோம். சொத்து விஷயத்தில் அது பின்னால் தகராறாகும்.

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் பக்கத்தில், தம்பிக்கு எதிரே உட்காரட்டும். மொழிபெயர்ப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கையும் முகமும் இருட்டடிக்கும். பெரும்பாலும் கோளாறு நடப்பது ஆவணத்தைக் காட்டும்போதுதான்: தாளைப் பார்க்கும் கண் கையைப் பார்க்க முடியாது. தம்பி படித்து நிமிர்ந்த பிறகே அதிகாரி பேச வேண்டும். சர்வே எண்ணையும் பரப்பளவையும் எழுதியும் சரிபாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வீடியோ அழைப்பில் வருவதென்றால் போனை ஸ்டாண்டில் வையுங்கள், இடுப்புக்கு மேல் முழுதும் தெரியட்டும். படம் உறைந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி கேளுங்கள்.

டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிற இடமானால், கையசைத்து அழைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.