ஆடவைத்தால் தரம் குறையுமா?

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறேன், கீபோர்டு பழகுகிறேன். எழுபதுகளில் ஜாஸ் கலைஞர்கள் டிஸ்கோ என்ற நடன இசைப் பக்கம் போனது காசுக்காக நடந்த சீரழிவு என்கிறார்கள் நண்பர்கள். அந்த இசைத்தட்டுகளை ஒதுக்கிவிடலாமா? ஜாஸை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

தம்பி,

ஒதுக்குவதற்கு முன் ஒன்றையாவது முழுதாகக் கேட்டாயா? உன் கடிதத்தில் ஒரு தட்டின் பெயர்கூட இல்லை. கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இந்த வயதிலேயே வேண்டாம்.

காசுப் பேச்சை விடு. கலைஞனுக்கும் வயிறு உண்டு. ஆடவைத்தால் தரம் குறைந்துவிடும் என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பதுகளில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் நடன அரங்கில் ஜனங்கள் விடிய விடிய ஆடியது ஜாஸுக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதெல்லாம் பின்னால் வந்த வழக்கம்.

காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளையில் என் மாமா பம்பை அடிப்பார். பக்கத்தில் நிற்பவர் ஒரே அடியை விடாமல் பிடித்துக்கொள்வார். மாமாவின் குச்சி அடிக்கும் அடிக்கும் நடுவே புகுந்து விளையாடும். முழங்கை அசையாது, மணிக்கட்டு மட்டும் துடிக்கும். சேலத்துச் சபாக்களுக்குப் போய்வரும் உறவினர் ஒருவர், "இது சத்தம், சங்கீதம் இல்லை" என்று அவர் காதுபடவே சொன்னார். மாமா வாய் திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் நண்பர்கள் பேசுவதும் அதே பேச்சுதான்.

டிஸ்கோவில் பேஸ் டிரம் என்ற பெரிய முரசு நான்கு எண்ணிக்கையிலும் தவறாமல் விழும். அதைத்தான் மூளையற்றது என்கிறார்கள். அந்த அடி அசையாமல் நிற்பதால்தானே மற்றவர்கள் தாராளமாக அலைய முடிகிறது! ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) கேள். பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் கிட்டார் ஒரே சுரத்தை மூன்று முறை அழுத்திவிட்டு, அடுத்த நொடி நழுவி ஓடும். கூடவே கிட்டார் வாசிக்கும் நைல் ராட்ஜர்ஸ் முறையாக ஜாஸ் படித்தவர். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அவருடைய 'பிளாக் பேர்ட்' (1973) நன்றாக விற்றதையே அவர்மேல் குற்றமாகச் சுமத்தினார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் தி வால்' தட்டை 1979இல் தயாரித்த குவின்சி ஜோன்ஸ் எங்கிருந்து வந்தார்? ஜாஸ் வாத்தியக் குழுவிலிருந்து. இவர்களெல்லாம் இசை தெரியாதவர்களா?

தொடங்குவதற்கு ஜாஸ் கலைஞர் ராய் ஏயர்ஸின் 'ரன்னிங் அவே' (1977) போதும். பிறகு கீபோர்டு முன் உட்கார். இடது கையில் 'குட் டைம்ஸ்' பேஸ், வலது கையில் ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் அழுத்தும் சுரக் கூட்டுகள். வேகத்தைக் கூட்டாமல் அரை மணி நேரம் வாசி. எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று எழுது.