மோட்டார் சைக்கிளும் வெங்காயத்தாளும்

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. ஆறு கம்பனிகளுக்குச் சுயவிபரக்கோவை அனுப்பினேன். இரண்டு இடத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள், பிறகு பதிலே இல்லை. பட்டத்தில் எனக்கு வகுப்பில்லாத சாதாரண சித்திதான். அதுதான் காரணமா, பெண் என்பதாலா? அவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?
- வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, வடக்கில் விதையும் பசளையும் விற்கிற கம்பனிகளில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். நேர்முகக் குழுவிலும் பல தடவை இருந்திருக்கிறேன். யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும்போதுதான் சித்தியைப் பார்ப்போம். ஆள் வந்து கதிரையில் இருந்த பிறகு அந்தப் பக்கத்தை நான் புரட்டியதில்லை.

நான் கேட்பது சின்னக் கணக்குகள். 16 லீற்றர் தெளிகருவி, லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் மருந்து. ஒரு தாங்கிக்கு எவ்வளவு? 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் எத்தனை கிலோ? விடை 32 மில்லிலீற்றர், 23 கிலோ. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 என்பது எல்லாருக்கும் பாடம். ஆனாலும் போனைத் தேடிச் சட்டைப் பைக்குப் போன கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஒரு வெங்காயத்தாளை மேசையில் வைப்பேன். நுனி கருகிய தாள். இதற்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அச்சுவேலிப் பக்கம் ஒரு தோட்டம். தாள் நுனியைப் பார்த்ததும் பங்கசு நோய் என்று முடிவு கட்டி மருந்து எழுதிக் கொடுத்தேன். மனுசன் இரண்டு தரம் அடித்தார். பத்து நாள் கழித்துப் போனால், தறை முழுக்கக் கருகல். வரம்பில் நின்று, "தம்பி, உன்ர மருந்துக்கு உப்புக் கரையுமோ?" என்று கேட்டார். அந்தக் கிணறு கோடையில் உவராகிற கிணறு. நான் தண்ணீரை வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் மருந்தின் பெயரை உடனே சொல்கிறவர்களுக்கு நான் புள்ளி போடுவதில்லை. "நட்டு எத்தனை நாள்? எந்தக் கிணற்றுத் தண்ணி? பக்கத்துத் தறை எப்படி?" என்று திருப்பிக் கேட்கிற பிள்ளையைத்தான் தேடுவோம்.

பெண் என்பதாலா என்று கேட்டீர்கள். மனதுக்குள் அப்படி நினைக்கிற முதலாளிகள் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் வெளியே சொல்லும் சாட்டு "பீல்டுக்கு எப்படிப் போவா?" என்பதுதான். மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து, சுயவிபரக்கோவையில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அந்தச் சாட்டு அதோடு சரி. சிங்களமும் வேண்டும். தலைமை அலுவலகம் கொழும்பில், வெங்காய விலை கேட்பது தம்புள்ளைச் சந்தையில். இரண்டு இடத்திலும் போனில் பேசத் தெரிந்தால் போதும், இலக்கணம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது எங்களிடம் விற்க ஒன்றும் இருக்கவில்லை. அப்போதும் தோட்டங்களுக்குப் போய்க் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான் தடை எடுபட்ட பிறகு விவசாயிகள் தேடி வந்தார்கள். "விற்க ஒன்றுமில்லாத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று உங்களிடம் யாராவது கேட்டால், கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும்.

கேள்வி: அரச வேலை வரும்வரை பொறு என்கிறார் அப்பா. பொறுக்கலாமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: அப்பாவில் பிழையில்லை, ஓய்வூதியம் யாருக்குக் கசக்கும்? வர்த்தமானி வந்தால் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை சும்மா இராமல் இரண்டு பரப்புக் காணியில் ஒரு போகம் வெங்காயம் நடுங்கள். விதை வெங்காயம், கூலி, இறைப்பு, மருந்து, விற்ற விலை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, நேர்முகத்துக்குப் போகும்போது கொண்டு போங்கள். நட்டக் கணக்கென்றாலும் கொண்டு போங்கள்.