பாலத்துக்கு எதற்குக் கூரை?

கேள்வி: அமெரிக்கக் கிராமத்துப் படங்களில் ஆற்றுப் பாலத்துக்கு வீடு மாதிரி கூரையும் சுவரும் இருக்கின்றனவே, பனி விழாமல் இருக்கவா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: பனிக்காக இல்லை, மரத்தைக் காப்பாற்றத்தான். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் உத்தரங்கள் 10, 20 வருடத்தில் உளுத்துவிடும், கூரை போட்டால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். பனி உள்ளே விழாததே அன்று தொல்லையாம்! பனிக்காலத்தில் குதிரை இழுக்கும் சக்கரமில்லாத சறுக்குவண்டி வெறும் பலகையில் ஓடாதே, அதனால் குளிர்காலத்தில் ஆள் வைத்துப் பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே கார்னிஷ், வின்ட்சர் என்ற இரண்டு ஊர்களை இணைக்கும் பாலம். அங்கே முன்பிருந்த மூன்று பாலங்கள் போன பிறகு 1866-இல் கட்டியது, நீளம் சுமார் 450 அடி. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, நம் வீட்டுத் தட்டி மாதிரி பின்னிய சட்டம்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. 1943 வரை சுங்கம் வாங்கினார்கள். முகப்பில் இன்னும் ஒரு பலகை தொங்குகிறது: 'குதிரையை நடத்திச் செல்லுங்கள், இல்லாவிட்டால் 2 டாலர் அபராதம்.' குதிரைகள் ஓடினால் பாலம் அதிரும், அதற்காகத்தான். அப்புறம், அதில் இப்போதும் கார்கள் போகின்றன.