வாங்குமுன் கேளுங்கள்: கப்பலில் வந்ததா, விமானத்திலா?

நியூசிலாந்து ஆப்பிள் வாங்கினால் பூமி சூடாகும் என்று கல்லூரிக்குப் போகும் மகள் சண்டை போடுகிறாள். நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, கோவை

தூரத்தை மட்டும் பார்த்துச் சண்டை போட வேண்டாம். ஆப்பிள் குளிரூட்டிய கன்டெய்னரில் கப்பல் ஏறி வருகிறது. ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுபோக, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு கார்பனைக் கக்குகிறது. அதனால் மகள் முறைக்க வேண்டியது சீக்கிரம் வாடிவிடும் வெளிநாட்டுச் சரக்கைத்தான்: செர்ரி, புளூபெர்ரி, அஸ்பாரகஸ். அவை பல சமயம் பறந்துதான் வரும். காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் பருவத்தில் அதையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் அழுகவிடாதீர்கள்.

ஜவுளிக் கடையில் பனியனுக்கு 'ஐரோப்பிய கார்பன் வரி' என்று 40 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். சரியா?
– ஈரோடு

ஏமாற்று. அந்த வரி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு. பனியன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்படியே இருந்திருந்தாலும் ஈரோட்டில் வாங்குகிற உங்களிடம் வசூலிக்க வழியில்லை. பில்லோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

'கார்பன் நியூட்ரல்' என்று போட்டிருந்ததால் 800 ரூபாய் அதிகம் கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– திருச்சி

நான் சிரிக்கமாட்டேன். இந்த ஸ்டிக்கர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. 'முழுக்க இயற்கை' என்ற மூங்கில் பல் துலக்கியை டஜன் கணக்கில் வாங்கினேன். பல்லில் படும் இழை மட்டும் நைலான்.

'கார்பன் நியூட்ரல்' என்றால், பொருளால் வெளியேறும் கார்பனை ஈடுகட்டிக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டோம் என்று அர்த்தம். பெரும்பாலும் நடப்பது இதுதான். தொழிற்சாலைப் புகையைக் கொஞ்சம் குறைப்பார்கள். மிச்சத்துக்கு எங்கோ மரம் நடும் திட்டத்தில் 'கிரெடிட்' (மரம் உறிஞ்சும் கார்பனுக்கான சான்று) வாங்கிக் கணக்கை நேர் செய்வார்கள். நான் விருந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து விரதம் இருக்கச் சொல்வது போல. ஆப்பிள் நிறுவனமே 2023இல் சில கைக்கடிகாரங்களை இப்படி விளம்பரப்படுத்தியது. கணக்கில் காட்டியது பராகுவேயின் யூகலிப்டஸ் தோப்புகள். அந்த நிலத்தில் பெரும்பகுதியின் குத்தகை 2029இல் முடிகிறது. அதற்குப் பிறகு மரம் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2025 ஆகஸ்டில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அந்த விளம்பரம் கூடாது என்றது. கிரெடிட்டை மட்டும் நம்பிப் பொருளுக்கு இப்படிப் பெயர் சூட்டுவதை 2026 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியமே தடுக்கிறது.

நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 அக்டோபரில் விதி போட்டிருக்கிறது: இப்படிச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும், விவரத்தை விளம்பரத்திலோ, க்யூஆர் கோடு, இணைய இணைப்பு வழியாகவோ தர வேண்டும். உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெட்டியைப் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். 800 ரூபாய் சும்மா வரவில்லை.

இன்ஸ்டாவில் 'இத்தாலியில் செய்த சூழல்நேயப் பை' வாங்கினேன். வந்தது வேறு. பில் இல்லை, முகவரி இல்லை, ஜிபேயில் பணம் போட்டேன்.
– சென்னை

முகவரி இல்லாதவருக்கு எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது? இறக்குமதிப் பொட்டலத்தில் எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தார் என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். பணம் போடுமுன் அந்த அச்சைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். வங்கியிலும் சைபர் குற்ற உதவி எண் 1930இலும் உடனே சொல்லிவையுங்கள்.

இரண்டு வருடப் போனைக் கொடுத்துவிட்டு, இந்தியாவில் செய்த புதுப் போன் வாங்கினால் கார்பன் குறையுமா?
– மதுரை

குறையாது. போனின் வாழ்நாள் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பொருத்தினாலும் சிப் முதலான பல பாகங்கள் கடல் தாண்டித்தான் வருகின்றன. பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள்.