எழும்பூர் ரயில் நிலையம்: பயணிகளின் கேள்விகளும் என் பதில்களும்

தென் மாவட்டங்களுக்கு எழும்பூர் வழியாகப் பல ஆண்டுகளாகப் போய்வருபவன் நான். அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருப்பூர்): சென்ட்ரல், எழும்பூர் என்று இரண்டு பெரிய நிலையங்கள் ஏன்? எந்த ரயில் எங்கிருந்து கிளம்பும் என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம்தான்.

பதில்: இரண்டையும் கட்டியவை வெவ்வேறு கம்பெனிகள். சென்ட்ரல், மதராஸ் ரயில்வே 1873-இல் அகலப்பாதைக்காகத் திறந்தது. எழும்பூரின் இன்றைய கட்டடம், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள மீட்டர் பாதையில் தெற்கே ரயில் விட்ட தென்னிந்திய ரயில்வே 1908 ஜூன் 11 அன்று திறந்தது. பாதைகள் எல்லாம் அகலமாகிவிட்ட பிறகும் அந்தப் பழைய எல்லை பெருமளவு அப்படியே நிற்கிறது. திருச்சி, மதுரை, நெல்லை ரயில்களுக்கு எழும்பூர், கோவை, பெங்களூரு, மும்பை ரயில்களுக்குச் சென்ட்ரல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேரளத்துக்குப் போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே ஊரை வைத்து ஊகிக்காமல், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நிலையத்தின் பெயரைப் படித்துவிடுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, ஓசூர்): சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் வேறு ரயில் ஏற வேண்டும். வயதான மாமனாரும் மூன்று பெட்டிகளும் உடன் வருகின்றன. எப்படிப் போவது?

பதில்: மெட்ரோவில் போங்கள் அம்மா. சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தமே எழும்பூர், மின்தூக்கியும் உண்டு. எதிரே உள்ள பூங்கா நிலையத்திலிருந்து மின்சார ரயிலும் ஒரே நிறுத்தம்தான், கட்டணமும் குறைவு. ஆனால் அது எழும்பூரில் 10, 11-ஆம் நடைமேடைகளின் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து மேம்பாலம் ஏறி இறங்கித்தான் வெளியூர் ரயில்களுக்குப் போக வேண்டும். மாமனாரின் முழங்காலுக்கு அது வேண்டாம். இரண்டு ரயில்களுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): ஆட்டோக்காரர் "முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: காந்தி இர்வின் சாலைப் பக்கம் பழைய கட்டடமும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் பின்வாசல். நடைமேடை எண் தெரியாதபோது முன்பக்கமே நல்லது. ஒருமுறை என் தாயார், ஊறுகாய் ஜாடியைப் புடவைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி, பின்வாசலில் இறங்கிப் பாலத்தின் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நாங்கள் நடைமேடையைத் தொட்டபோது கார்டு பச்சைக் கொடியை விரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பின்பக்கம் இறங்குவதில்லை. மறுசீரமைப்புப் பணிக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. பணிகளுக்காக அவ்வப்போது சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து இயக்குவதால், புறப்படும் நாளன்று நிலையத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், குரோம்பேட்டை): தாம்பரத்தில் ஏறிக்கொண்டால் போதாதா?

பதில்: போதும். ஆனால் டிக்கெட்டில் ஏறுமிடம் எழும்பூர் என்றிருந்தால், முன்கூட்டியே அதைத் தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்): ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. அருகில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: முதலில் நிலையத்தையே பாருங்கள். வெளியே வந்து சாலையின் எதிர்ப்புறம் நின்றால்தான் சிவப்புச் சுவரும் வெள்ளை விளிம்பும் குவிமாடங்களும் ஒரே பார்வைக்குள் அடங்கும். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் சாமிநாத பிள்ளை. செலவு 17 லட்சம் ரூபாய். கட்டியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காந்தி இர்வின் சாலையின் பெயரில் உள்ள இர்வின் இவரல்லர், 1931-இல் காந்தியடிகளோடு ஒப்பந்தம் செய்த வைஸ்ராய். பிறகு பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வெண்கலச் சிலைகளைப் பாருங்கள். அதே வளாகத்தில் நிற்கும் விக்டோரியா நினைவு மண்டபமும் ஹென்றி இர்வின் வடிவமைத்ததே. வெள்ளிக்கிழமை விடுமுறை.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒரு வாசகி): என் தாத்தா எழும்பூரில் ஏறிக் கொழும்புக்கு வந்ததாகச் சொல்வார்கள். அது உண்மையாக இருக்குமா?

பதில்: உண்மைதான் அம்மா. பாம்பன் பாலம் 1914-இல் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். கப்பலோடு இணைந்து ஓடியதால்தான் எழும்பூர் ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர் வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தொடர்பு அறுந்தது. தாங்கள் சென்னைக்கு வரும்போது எழும்பூரில் அதே பெயர்கொண்ட ரயிலில் ஏறலாம். இப்போது அது இராமேஸ்வரத்தோடு நின்றுவிடும்.